மறுபதிப்பு காணும் மாரியோ

சென்ற கோடை விடுமுறையில் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்கா மகன் தன்னுடைய நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் எனக்கென்று ஒரு பழைய ஆட்டத்தைத் திறந்து வைத்தான். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு மதுரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் அக்காவும் முறை வைத்து ஆடிய அதே ஆட்டம். முதல் கட்டத்தின் முதல் குழிக்கு முன்னால் எப்போது பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைக் கை மறந்திருக்காது என்ற நம்பிக்கையோடு தொடங்கினேன். மாரியோ குழியில் விழுந்தான். மறுபடியும் விழுந்தான். ஆட்டம் என் நினைவில் இருந்ததைவிட வேகமாக ஓடியது. பாட்டும் அவசரமாக ஒலித்தது.

"மாமாவுக்கு வயசாயிருச்சு" என்றான் மருமகன். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் தேடிப் படித்த பிறகே, வயது ஒரு காரணம்தான் என்றாலும் முழுக் காரணம் அதுவல்ல என்று விளங்கியது. நான் சிறுவயதில் ஆடிய மாரியோ உண்மையிலேயே மெதுவாக ஓடியவன். கணக்குச் சொல்வதானால், அவன் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு குறைவு.

இதற்கு விளக்கம் தேடிப் போனால், ஆட்டத்தைவிட்டுத் தொலைக்காட்சியின் வரலாற்றுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் தொலைக்காட்சித் தரம் வகுக்கப்பட்டபோது, அந்நாட்டு மின்சாரத்தின் துடிப்பான விநாடிக்கு 60 என்பதையே திரையைப் புதுப்பிக்கும் வேகத்துக்கும் அடிப்படையாகக் கொண்டார்கள். ஜப்பானும் அதே முறையை ஏற்றது. (தோக்கியோ உள்ளிட்ட கிழக்கு ஜப்பானில் மின்சாரம் 50 துடிப்புதான் என்பது தனி வேடிக்கை.) ஐரோப்பாவின் பெரும்பகுதியும் இந்தியாவும் 50 துடிப்பு மின்சாரமும் 'பால்' என்னும் வண்ணத் தொலைக்காட்சி முறையும் கொண்டவை. 1982ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி நமக்கு வண்ணத்தில் வந்து சேர்ந்தது இந்த முறையே. அதாவது, ஜப்பானியத் திரை விநாடிக்கு 60 முறை வரைந்தால் நம் திரை 50 முறை வரையும்.

அக்காலத்து வீடியோ கேம் பொறிகளுக்குத் தனியாகக் காலக் கணக்கு வைத்துக்கொள்ளும் ஆடம்பரம் இல்லை. தொலைக்காட்சி ஒரு முறை வரைந்து முடிப்பதே அவற்றுக்குக் காலத்தின் அலகு. ஒவ்வொரு வரைவுக்கும் மாரியோ இத்தனை புள்ளி நகர வேண்டும், பாட்டு இவ்வளவு முன்னேற வேண்டும் என்று நிரல் எழுதப்பட்டிருக்கும். எனவே 60க்கு எழுதிய ஆட்டத்தை 50இல் ஓட்டினால் எல்லாமே மெதுவாகும். ஐரோப்பாவில் முறைப்படி வெளியிட்டபோது மாரியோவின் வேகத்தைச் சற்றுத் திருத்தி வெளியிட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தது ஐரோப்பியப் பதிப்பு அல்ல.

எங்கள் பொறி 1996இல் சித்தப்பா சென்னை பர்மா பஜாரில் வாங்கி வந்தது. அதன் மேல் நின்டெண்டோ என்ற பெயரே கிடையாது. ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் வெளிவந்த 'ஃபேமிகாம்' என்னும் பொறியின் அனுமதியற்ற நகல்களில் ஒன்று அது. தொண்ணூறுகளில் இந்திய நகரங்களிலும் சிற்றூர்களிலும் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கிடைத்த 'வீடியோ கேம்' பெரும்பாலும் இத்தகைய நகல்தான். அத்துடன் வந்த மஞ்சள் நிறக் கேசட்டில் பல லட்சம் ஆட்டங்கள் இருப்பதாக ஒட்டுத்தாள் சொன்னது. உள்ளே முப்பதோ நாற்பதோதான். மற்றவையெல்லாம் அவையே வேறு பெயர்களில், வேறு கட்டங்களிலிருந்து தொடங்குபவை. 'காண்ட்ரா' ஆட்டத்துக்கு முப்பது உயிர் கொடுக்கும் ரகசியக் குறியீடு அமெரிக்கச் சிறுவர்களிடையே வாய்மொழியாகப் பரவியதாம். எங்கள் கேசட்டிலோ முப்பது உயிர் என்பது பட்டியலில் ஒரு வரி.

ஆக, என் நினைவில் மூலமாக நிலைத்துவிட்ட மாரியோ ஒரு நகலின் நகல். மெதுவாக ஓடிய நகல். மூலத்தை முதன்முதலாகப் பார்த்தது, ஆட்டம் வெளிவந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, ஒரு நவீனக் கன்சோலில். அதுவும் மூலம்தானா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

பழைய ஆட்டம் ஒன்றை இன்றைய கன்சோலில் ஆடுவதை நாம் 'திரும்பிச் செல்வது' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த நூலை வாசிக்கும் நமக்கு அது அவ்வளவு எளிதல்ல என்று தெரிந்திருக்க வேண்டும். சீவக சிந்தாமணியை 1887இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தபோது, பல ஊர் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடங்களைத் தேர்ந்தார். அச்சில் நாம் காண்பது அந்தத் தேர்வின் விளைவு. நவீனக் கன்சோலில் ஓடும் பழைய ஆட்டமும் ஒரு பதிப்புதான். அதற்கும் ஒரு பதிப்பாசிரியர் உண்டு, அவர் செய்த முடிவுகள் உண்டு. முன்னுரை மட்டும் இருப்பதில்லை.

அந்த முடிவுகளில் சிலவற்றைப் பார்ப்போம்.

1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளியான 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் உருவாக்கியது. இசை கோஜி கொண்டோ. முழு ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இந்தக் கட்டுரையை யூனிகோடு எழுத்தில் சேமித்தால் அதைவிட அதிக இடம் பிடிக்கும். அந்த நெருக்கடியில்தான், வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒரே சித்திரமாக வைத்து, நிறத்தை மட்டும் மாற்றினார்கள். பல ஆண்டுகள் ஆடியும் நான் இதைக் கவனித்ததில்லை. இன்றைய பெரிய தட்டைத் திரையில் கூர்மையாகப் பார்த்தபோதுதான் புலப்பட்டது.

ஆனால் அந்தக் கூர்மை பிற்காலத்துச் சேர்க்கை. ஃபேமிகாம் உருவாக்கும் படம் அகலத்தில் 256 புள்ளிகளும் உயரத்தில் 240 புள்ளிகளும் உடையது. அன்றைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் புள்ளி என்று கூரிய எல்லையுள்ள சதுரம் எதுவும் கிடையாது. கண்ணாடியின் உட்புறத்தில் பூசிய பாஸ்பரின் மீது எலக்ட்ரான் கற்றை வரிவரியாகப் பாயும். பட்ட இடம் ஒளிரும், ஒளி பக்கத்தில் சற்றுக் கசியும், வரிகளுக்கிடையே மெல்லிய இருள் தங்கும். 4:3 திரைக்கேற்பப் புள்ளிகள் அகலவாக்கில் சற்று நீளவும் செய்யும். ஓவியர்கள் இதையெல்லாம் தெரிந்தே வரைந்தார்கள்.

சேகா நிறுவனத்தின் 'சோனிக் த ஹெட்ஜ்ஹாக்' இதற்கு மிகச் சிறந்த சான்று. 1991இல் மெகா டிரைவ் பொறிக்காக வெளிவந்தது. முதல் கட்டத்தில் ஓர் அருவி உண்டு. அந்தப் பொறியால் ஊடுருவித் தெரியும் நிறத்தைக் காட்ட இயலாது. எனவே ஒரு கோடு விட்டு ஒரு கோடு நீர் வரைந்தார்கள். இடையிலுள்ள கோடுகளில் பின்னணிப் பாறை தெரியும். சாதாரண வீடியோ கம்பி வழியே படக்குழாய்க்கு வரும்போது அக்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னாலுள்ள பாறை மங்கலாகத் தெரியும் தண்ணீராகிவிடும். இன்றைய திரையில் அதே அருவி செங்குத்துக் கம்பிகள் நட்ட வேலியாக நிற்கிறது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அருவி வற்றிவிட்டது.

இன்னும் விசித்திரமானது 'டக் ஹண்ட்'. திரையில் பறக்கும் வாத்துகளைப் பிளாஸ்டிக் துப்பாக்கியால் சுடும் ஆட்டம். எங்கள் பொறியுடனும் அப்படியொரு துப்பாக்கி வந்தது. துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் புறப்பட்டுத் திரையைத் தாக்குவதாகத்தான் நாங்கள் நம்பினோம். நடப்பது அதற்கு நேர்மாறு. குதிரையை இழுத்ததும் ஒரு கணம் திரை முழுவதும் கருப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றும். குழாயின் முனையிலுள்ள ஒளியுணரி இருளையும் உடனே வெளிச்சத்தையும் கண்டால் வாத்து விழும். துப்பாக்கி சுடுவதில்லை, பார்க்கிறது. படக்குழாய் ஒளிரும் அந்த நுண்கணத்தை நம்பி அமைந்தது இந்த ஏற்பாடு. தட்டைத் திரை படத்தை வாங்கி, ஆராய்ந்து, அளவு மாற்றிக் காட்டுவதற்குள் தாமதம் ஏற்பட்டுவிடுகிறது, துப்பாக்கி குருடாகிறது. 2014இல் நின்டெண்டோ இதை 'வீ யூ' கன்சோலில் மறுவெளியீடு செய்தபோது, துப்பாக்கிக்குப் பதிலாகத் தன்னுடைய 'வீ' ரிமோட்டைக் கொண்டு குறிபார்க்கச் செய்தது. ஆட்டம் நன்றாகவே ஓடியது. ஆனால் அது வேறொரு கருவிக்கு எழுதிய உரை.

பொறியின் குறைபாடே ஆட்டத்தின் உயிரான கதைகளும் உண்டு. 1978இல் டைட்டோ நிறுவனத்தில் டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில், எதிரிகள் குறையக் குறைய எஞ்சியவர்கள் வேகமெடுப்பார்கள். ஆடுபவரின் நெஞ்சு படபடக்கும். செயலி ஒவ்வொரு முறையும் ஓர் எதிரியைத்தான் நகர்த்த முடிந்தது என்பதே காரணம். கூட்டம் குறைந்தால் ஒவ்வொருவரின் முறையும் விரைவில் வந்துவிடும். நிஷிகாடோ அதைப் பிழையாகக் கருதித் திருத்தாமல் விட்டுவிட்டார். இன்றைய கன்சோலின் செயலிக்கு ஆயிரம் எதிரிகளும் ஒரு பொருட்டல்ல. எனவே மறுபதிப்பில் அந்தப் பழைய திணறலை வேண்டுமென்றே நடிக்க வேண்டியிருக்கிறது. எமுலேட்டர் என்று சொல்கிறோமே, அதன் வேலையே இதுதான். வேகமான பொறி, மெதுவான பொறியாக வேடமிடுகிறது. எத்தனை உண்மையாக வேடமிடுகிறது என்பதுதான் பதிப்பின் தரம்.

தரமற்ற பதிப்புக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். சோனி 2018 டிசம்பரில் தன்னுடைய முதல் பிளேஸ்டேஷனை 20 ஆட்டங்களுடன் சிறிய வடிவில் 'பிளேஸ்டேஷன் கிளாசிக்' என்று வெளியிட்டது. அதிலுள்ள 20இல் 9 ஆட்டங்கள் ஐரோப்பிய 50 துடிப்புப் பதிப்புகள். அமெரிக்கர்கள் அதை வாங்கி ஆடி, 'ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது' என்று கொதித்தார்கள். எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. நான் முப்பதாண்டு தாமதமாகப் பட்ட அதிர்ச்சியை அவர்கள் எதிர்த்திசையில் பட்டிருக்கிறார்கள். இன்னொரு செய்தியும் உண்டு. அந்தக் கருவிக்குள் ஓடிய எமுலேட்டர் சோனி எழுதியதல்ல. ஆர்வலர்கள் எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டிருந்த ஒரு மென்பொருள். தன் சொந்த நூலை மறுபதிப்பு செய்யப் பதிப்பகமே வாசகர் கையெழுத்துப் பிரதியை நாடிய கதை.

ஸ்விட்சில் நின்டெண்டோ நடத்தும் பழைய ஆட்டச் சேவை 2018 செப்டம்பரில் 20 ஆட்டங்களுடன் தொடங்கியது. கட்டணம் செலுத்துவோர் ஆடலாம். விலைக்கு வாங்க முடியாது. அங்கே படத்தைக் காட்ட மூன்று வழிகள் உண்டு: புள்ளிகளைச் சதுரமாகவே காட்டுவது, 4:3க்கு விரித்துக் காட்டுவது, படக்குழாயின் வரிகளைப் போலச் செய்து காட்டுவது. மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாவது வழி உண்மைக்கு அருகில் வருகிறது. ஆனால் எங்கள் வீட்டு டப்பா டிவியின் அந்த மென்மை இல்லை. கோடு வரைந்த கண்ணாடியை முன்னால் வைத்ததுபோல் இருக்கிறது.

2019 ஜூலையில் அந்தச் சேவையில் ரீவைண்ட் வசதி வந்தது. இதைப் பற்றித்தான் எனக்கும் மருமகனுக்கும் வாக்குவாதம். குழியில் விழுந்தால் அவன் இரண்டு பொத்தான்களை அழுத்திப் பிடிப்பான். மாரியோ குழியிலிருந்து பின்னோக்கி எழுந்து வருவான். அப்படியே எட்டாம் உலகம் வரை ஒரு பிற்பகலில் போய்விட்டான். எங்களுக்கோ மூன்று உயிர்கள்தான். சேமிக்கும் வசதி கிடையாது. எட்டாம் உலகத்தின் வாசலில் மின்வெட்டு வந்தால் எல்லாம் போயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அடாப்டர் சூடாகிவிடும் என்று அப்பா வந்து பிடுங்கிவிடுவார். எட்டாம் உலகத்தின் கடைசிக் கோட்டையை அக்கா ஒருமுறை எட்டினாள். நான் எட்டியதே இல்லை. இதைச் சொன்னபோது மருமகன், "அதுல என்ன மாமா பெருமை? கடைசி வரைக்கும் பாக்கவே இல்லையே?" என்று கேட்டான்.

முதலில் கோபம் வந்தது. யோசித்தால் அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மூன்று உயிர் என்பது கலைஞனின் தத்துவமாகப் பிறந்ததல்ல. காசு போட்டு ஆடும் கடைப் பொறிகளில், ஒருவர் நீண்ட நேரம் ஆடினால் கடைக்காரருக்கு நட்டம்; அதற்காகப் பிறந்த ஏற்பாடு வீட்டுப் பொறிக்கும் வழக்கமாகத் தொடர்ந்தது. சேமிப்பு இல்லாததும் நினைவகத்தின் விலையால்தான். 1986இல் ஜப்பானில் வட்டில் வெளிவந்த 'த லெஜண்ட் ஆஃப் ஜெல்டா' ஆட்டத்தை இடையில் நிறுத்திச் சேமிக்க முடிந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குப் போனபோது, கேசட்டுக்குள் சிறு பேட்டரி வைத்து அதைச் சாதித்தார்கள். முடிந்த இடத்தில் ஆட்டக்காரரின் நேரத்தை மதிக்கவே செய்தார்கள். முன்பு குறிப்பிட்ட முப்பது உயிர் குறியீட்டின் பிறப்பும் இவ்வாறே. கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ 'கிரேடியஸ்' ஆட்டத்தை வீட்டுப் பொறிக்குக் கொண்டுவந்தபோது, சோதித்துப் பார்க்கத் தமக்கே அது கடினமாக இருந்ததால், சலுகை தரும் ஒரு பொத்தான் வரிசையை உள்ளே ஒளித்து வைத்தார். உருவாக்கியவரே குறுக்குவழியில் போனார் என்றால், பன்னிரண்டு வயதுப் பையனிடம் கற்பு நெறி பேசுவது பொருந்தாது. இருந்தாலும், கடைசிக் கோட்டைக்குள் அக்காவின் கைவிரல்கள் நடுங்கியதைப் பார்த்தவன் நான். ரீவைண்ட் உள்ள பதிப்பில் அந்த நடுக்கத்துக்கு இடமில்லை.

ஜெல்டாவைக் குறிப்பிட்டதால் ஒரு பாடபேதத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபேமிகாமின் இரண்டாவது கைப்பிடியில் ஒரு சிறு ஒலிவாங்கி உண்டு. ஜெல்டாவில் முயல் போல் பெரிய காதுள்ள ஓர் அரக்கன் வருவான். ஒலிவாங்கியில் கத்தினால் அவன் சாவான். அமெரிக்கப் பொறியில் ஒலிவாங்கி இல்லை. ஆனால் அமெரிக்கக் கையேட்டில் அந்த அரக்கனுக்குப் பெரும் ஓசை பிடிக்காது என்ற குறிப்பு அப்படியே மொழிபெயர்ந்து தங்கிவிட்டது. அமெரிக்கச் சிறுவர்கள் ஆட்டத்திலுள்ள குழலை எடுத்து அவன்முன் ஊதி ஊதிப் பார்த்து ஏமாந்தார்கள். அம்பு எய்தால் போதும் என்பது தற்செயலாகத்தான் தெரிய வேண்டும். பிரதி வேறாகி உரை மட்டும் பழையபடி நிற்கும்போது ஏற்படும் குழப்பத்துக்கு இதைவிட அழகான சான்று நம் உரையாசிரியர்களிடமும் கிடைக்குமா என்று தெரியவில்லை.

எல்லாப் பாடபேதங்களும் இப்படித் தற்செயலானவை அல்ல. சில வழக்கறிஞர்களால் நேர்பவை. 1987இல் வெளிவந்த 'மைக் டைசன்'ஸ் பஞ்ச் அவுட்' குத்துச்சண்டை ஆட்டத்தின் இறுதி எதிரி டைசன். அவருடனான உரிமம் முடிந்ததும் 1990இல் அவர் இருந்த இடத்தில் 'மிஸ்டர் ட்ரீம்' என்ற கற்பனை ஆள் வந்தார். உடம்பும் அடியும் அதேதான். தலை மட்டும் வேறு. ஸ்விட்சில் கிடைப்பதும் இந்தத் தலை மாறிய பதிப்பே. சேகாவின் 'கிரேசி டாக்சி' ஆட்டத்துக்கு 'தி ஆஃப்ஸ்பிரிங்', 'பேட் ரிலிஜன்' இசைக்குழுக்களின் பாடல்களே பாதி உயிர். 2010இல் அன்றைய கன்சோல்களுக்கு மறுவெளியீடு கண்டபோது அப்பாடல்கள் இல்லை. பயணிகள் இறங்கிய உண்மையான உணவகங்களின் பெயர்ப்பலகைகளும் இல்லை. 1997இல் வந்த 'கோல்டன்ஐ 007' பல நிறுவனங்களின் உரிமைச் சிக்கலில் மாட்டி, 2023 ஜனவரியில்தான் நவீனக் கன்சோல்களுக்கு வந்தது; அதிலும் இணையம் வழியே பலர் சேர்ந்தாடும் வசதி ஸ்விட்சில் உண்டு, எக்ஸ்பாக்சில் இல்லை. நல்ல பதிப்பும் வராமலில்லை. கொனாமி 2019இல் வெளியிட்ட 'காண்ட்ரா' தொகுப்பில் அமெரிக்கப் பதிப்போடு ஜப்பானியப் பதிப்பும் சேர்ந்தே இருக்கிறது. ஜப்பானியக் கேசட்டில் கூடுதல் சில்லு இருந்ததால் அதில் தென்னை போன்ற மரங்கள் காற்றில் அசையும், பனி வீசும், கட்டங்களுக்கிடையே கதைக் காட்சிகள் வரும். இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தேன். மரம் அசையாத பாடமே எனக்குப் பழக்கமானது.

பதிப்புகளின் தரத்தைவிடக் கவலை தருவது அவற்றின் ஆயுள். 2006இல் தொடங்கிய 'வீ' கன்சோலின் கடையில் நூற்றுக்கணக்கான பழைய ஆட்டங்கள் விற்பனைக்கு இருந்தன. 2019 ஜனவரியில் கடை மூடப்பட்டது. அடுத்து வந்த 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் கடைகள் 2023 மார்ச் 27 அன்று விற்பனையை நிறுத்தின. முன்பு வாங்கியவற்றைப் புதிய கன்சோலுக்குக் கொண்டுபோக வழியில்லை. மாரியோவின் முப்பத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்காக 2020 செப்டம்பரில் வெளியிட்ட மூன்று ஆட்டங்களின் தொகுப்பை, 2021 மார்ச் 31க்குப் பிறகு விற்க மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவித்து அவ்வாறே செய்தார்கள். தொழில்நுட்பம் தடுக்காதபோதும் ஒரு நூலை ஆறே மாதம் மட்டும் அச்சில் வைத்திருப்போம் என்று பதிப்பகம் முடிவு செய்வதை என்னவென்று சொல்வது? 2025இல் வந்த ஸ்விட்ச் 2இல் 'கேம்கியூப்' ஆட்டங்களும் சந்தாவில் சேர்ந்திருக்கின்றன. சந்தா நிற்கும் நாளில் அவையும் நிற்கும்.

அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. நூலகங்கள் அவற்றை எமுலேட்டர் வழியே ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பார்க்கத் தரலாமா என்ற கோரிக்கையை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது. அதற்கு நிறுவனங்கள் சொன்ன வாதங்களில் ஒன்று, ஆய்வு என்ற பெயரில் மக்கள் பொழுதுபோக்காக ஆடிவிடுவார்கள் என்பது. நாவலை நூலகத்தில் எடுத்து மகிழ்ச்சிக்காகப் படித்துவிடுவார்கள் என்று யாரும் அஞ்சியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த 87 விழுக்காட்டில் கணிசமானவை இன்றும் முற்றாக அழியாமல் இருப்பதற்குக் காரணம், அனுமதியின்றிப் பிரதியெடுத்தவர்கள். இதை ஒப்புக்கொள்வது சங்கடமானதுதான். உருவாக்கியவருக்கு ஒரு காசும் போய்ச் சேரவில்லை. பர்மா பஜாரில் சித்தப்பா கொடுத்த பணத்தில் மியாமோட்டோவுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ஆனால் அந்தப் பொறி இல்லாமல் மதுரையில் எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கும் மாரியோ என்றால் யாரென்று தெரிந்திருக்காது. அவன் சரியான வேகத்தில் ஓடினானா என்று கேட்க ஆளும் இருந்திருக்காது.

ஊர் திரும்பியதும் பரணில் தேடினேன். பொறி கிடைக்கவில்லை, அக்காவின் திருமணத்துக்கு வீடு வெள்ளையடித்தபோது போயிருக்க வேண்டும். டப்பா டிவி அதற்குப் பின் பழைய சாமான் வண்டிக்குப் போனது எனக்கே நினைவிருக்கிறது. தம்ளர்கள் வைத்திருந்த அட்டைப் பெட்டியின் அடியில் அந்த மஞ்சள் கேசட் மட்டும் இருந்தது. ஒட்டுத்தாள் பாதி உரிந்து, லட்சக்கணக்கில் இருந்த ஆட்டங்களின் எண்ணிக்கை இப்போது மூன்று இலக்கமாகச் சுருங்கியிருக்கிறது. படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். "இத எதுல மாமா போடுறது?" என்று பதில் வந்தது.